செவ்வாய்க்குப் போகாத சந்தனப் பொட்டு

செவ்வாய்க் கிரகத்தில் ஒரு கொலை செய்தவன் நான் என்று முப்பத்தொரு நாள் மனதார நம்பியிருந்தேன். ஆயுதம் சந்தனம். செத்தது, ஆள் இல்லாமல் தனியே போய் அங்கே இறங்கவேண்டிய ஓர் ஆய்வு இயந்திரம். (சிரிக்காதீர்கள். அந்த நாள்களில் நான் மூன்று கிலோ இளைத்தேன்.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. மொன்றியலில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்கு வயர் கட்டும் வேலை. அந்த இயந்திரத்துக்குள் நூற்றுக்கணக்கான பெட்டிகள். அவற்றில் ஒன்று, சோற்றுப் பார்சல் அளவில், எங்களுடையது. நான் கட்டுவேன். மன்னாரிலிருந்து வந்த யேசுதாசன் அண்ணை பூதக்கண்ணாடி பிடித்துச் சோதித்து முத்திரை குத்துவார். மனைவியையும் ஏழு வயது மகளையும் கனடாவுக்கு எடுப்பிக்க அவர் விண்ணப்பம் போட்டிருந்தார். அது இந்த வேலைக் கடிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பெட்டியை வெள்ளிப் பைக்குள் இட்டு ஒட்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்கு வந்திருந்தேன். சட்டைப் பைக்குள் கடதாசியில் மடித்த சந்தனச் சரை. நாங்கள் பழைய கார் வாங்கினாலே பொட்டு வைத்து, டயருக்குக் கீழே தேசிக்காய் நசித்துத்தான் ஓட்டுவோம். இதுவோ கோடிக்கணக்கான மைல் ஓடப்போவது. மனம் கேட்கவில்லை. யேசுதாசன் அண்ணை பை எடுக்கத் திரும்பிய நேரம், பெட்டியின் அடியில் மிளகளவு பொட்டொன்று வைத்தேன். (நசிக்கத்தான் டயர் இல்லை.)

ஒட்டுமுன் அவர் இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்பது விதி.

"அடிப்பக்கம் பாத்தனியோ?"

"ஓம் அண்ணை, கண்ணாடி மாதிரிக் கிடக்கு."

என்னை நம்பி ஒட்டினார்.

இயந்திரம் இறங்கும் நாளன்று மத்தியானம், சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சி முன் எல்லோரும் கூடினோம். சிவப்பு ஐசிங் பூசிய கேக் மேசையில் காத்திருந்தது. தரை தட்டியதும் சமிக்ஞை வரும் என்றார்கள். பத்து நிமிடம் போனது. அரை மணி போனது. எங்கள் பொறுப்பாளர் மதாம், அந்தப் பெட்டிக்காக ஆறு வருடம் உழைத்தவர், கத்தியை மெல்லக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேக்கை ஒருவரும் வெட்டவில்லை.

காரணம் எனக்கு மட்டும் தெரியும். சந்தனம் ஈரம். ஈரம் வயருக்குள் இறங்கியிருக்கும். வயர் புகைந்திருக்கும். இயந்திரம் விழுந்திருக்கும். வீட்டில் மனைவி வசந்தியிடம் மட்டும் சொன்னேன்.

"உங்கட பொட்டு செவ்வாய் வரைக்கும் போய் மிசினைக் கொல்லுமெண்டால், மேல்மாடிக்காரன்ர ஸ்டீரியோவுக்கும் ஒண்டு வையுங்கோவன்" என்றாள்.

முப்பத்தோராம் நாள், எங்கள் ஆட்கள் செத்தவருக்கு அந்தியேட்டி செய்யும் கணக்குக்குச் சரியாக, விசாரணைக்காரர் இருவர் வந்தார்கள். பாகம் செய்து கொடுத்த எல்லா இடத்துக்கும் போகிறார்களாம். யேசுதாசன் அண்ணையையும் என்னையும் மதாமுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டுப் பத்திரங்களைப் புரட்டினார்கள். தங்களுக்குள் பிரெஞ்சில் கதைத்தார்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான். இரண்டும் அதில் வரவில்லை. திடீரென்று ஒருவர் பத்திரக் கோப்பை 'டப்'பென்று மூடிவிட்டு எழுந்தார்.

பிடித்துவிட்டார்கள்!

துள்ளி எழும்பி, எனக்கு வந்த ஆங்கிலத்தில் கோயில், சந்தனம், மிளகளவு எல்லாவற்றையும் கொட்டினேன். என் நெற்றியில் விரலை வைத்துச் செய்தும் காட்டினேன்.

மதாம் எழுந்தார். என் மேசைக்குப் பின்னாலிருந்த அலுமாரியைத் திறந்து ஒரு வெள்ளிப் பையை எடுத்தார். வெட்டினார். பெட்டியைக் கவிழ்த்தார். பொட்டு காய்ந்து வெடித்து, வைத்த இடத்திலேயே இருந்தது.

பெட்டிகள் இரட்டை. ஒன்று பறக்கும். மற்றது சோதனைக்காக எங்களோடு இருக்கும். இரண்டில் எந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்தேன் என்று இலக்கத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

விசாரணைக்காரர் கோப்பை மூடியது, எங்கள் பக்கம் பிழையில்லை என்று எழுதி முடித்துவிட்டு வெளிக்கிடத்தான். இப்போது மறுபடி திறந்தார்கள். அடிப்பக்கம் பார்க்காமல் முத்திரை குத்தப்பட்டது என்று எழுதினார்கள். யேசுதாசன் அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கே முத்திரையைக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து போனார். (என்னிடம் பறிக்க முத்திரை இல்லை. விளக்குமாற்றைத் தந்தார்கள்.)

கோடையில் விசாரணை அறிக்கை வந்தது. மதாம் எங்களுக்கு விளக்கினார். இறங்கும் வழியில் இயந்திரத்தின் கால்கள் விரிந்தன. விரிந்தபோது ஒரு குலுக்கல். கணினி அதைத் தரை தட்டிய குலுக்கல் என்று எடுத்துக்கொண்டு எஞ்சினை நிறுத்திவிட்டது. தரை இன்னும் எவ்வளவோ கீழே. கண்ணால் கண்டவர் இல்லை. பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார்.

இதைச் சொல்லப் பக்கத்து நகரமான லவாலுக்குப் போனேன். அங்கே ஒரு பேக்கரியில் யேசுதாசன் அண்ணைக்குத் தட்டுக் கழுவும் வேலை. கை துடைத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்தார்.

"டேய், அவங்கள் கோப்பை மூடினவுடன நீயும் இதைத்தானேயடா செய்தனி?"

இன்றைக்கும் நான் எதற்காவது பதறி வாயைத் திறந்தால், "பொறுங்கோ, இன்னும் தரை வரேல்லை" என்பாள் வசந்தி. பிள்ளைகள் அதையே பிரெஞ்சில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வேலைக் கடிதம் செல்லாமல் போனதால் யேசுதாசன் அண்ணையின் விண்ணப்பம் திரும்பி வந்தது. மறுபடி போட்டு, மனைவியும் மகளும் வந்து சேர இரண்டு வருடம் பிந்தியது. மகளின் முதல் நற்கருணை மன்னாரில் நடந்தது. அன்று அவர் லவாலில் பாண் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.