எலி கடித்த இரண்டு ஆரம்

வெட்டிய தோலின் ஓரத்தில் லேஸை வைத்துப் பார்த்த பிரேம்நாத் மறுபடியும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். வளைந்த ஓரத்தோடு லேஸ் தீர்ந்துவிட்டது. நேரான இரண்டு ஓரங்களும் மொட்டை.

ஆம்பூரில் அவர் கணக்கு வாத்தியார். வட்டக்கோணப்பகுதியின் சுற்றளவில் இரண்டு ஆரத்தைக் கூட்ட மறந்த பிள்ளைகளை அவர் திட்டினால் பாலாற்று மணலே எழுந்து நிற்கும்.

தையல் டீச்சர் ஷர்மிளா கேட்டது இவ்வளவுதான்: "ஆரம் ஒரு அடி, கோணம் நூத்தியிருபது. தோலை வெட்டி, ஓரத்துல லேஸ் ஒட்டிக் கொண்டாங்க சார். எதுக்குன்னு நாளைக்கு ஆசிரியர் தின விழாவுல தெரியும்."

தோல் வியாபாரம் நடக்கும் ஊரில் அடி என்றால் சதுர அடி. பரப்பளவு ஒரு அடி சொச்சம். அதில் அவர் புலி. சுற்றளவில்தான் வில்லின் நீளத்தை மட்டும் போட்டு இரண்டடி சொச்சம் பொன்னிற லேஸ் வாங்கிவிட்டார். இரண்டு ஆரமும் போயே போச்சு!

லேஸ் கடைக்கு ஓடினார்.

"தீந்துடுச்சு சார்," என்றார் அப்துல் ஹமீத். "கணக்கு வாத்தியாருக்கே கம்மியாய்டுச்சா?"

"எலி கடிச்சிடுச்சு, பாய்."

"எவ்ளோ?"

"ரெண்டு அடி."

"அளந்தா கடிச்சுது?"

கடையே சிரித்தது. பிரேம்நாத் தலையைத் தொங்கப்போட்டபடி வேலூர் பஸ் ஏறினார். லாங் பஜாரில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே அரை ஜென்மம் கழிந்தது. எல்லா நிறமும் இருந்தது, அந்தப் பொன்னிறம் மட்டும் இல்லை.

வீட்டில் இருந்தது. மனைவி கிறிஸ்டினாவின் வெள்ளைக் கல்யாணப் புடவையில்.

கிறிஸ்டினா ஷூ கம்பெனி ஷிப்டுக்குப் போயிருந்தாள். 'வருஷக்கணக்கா பெட்டியை விட்டு வெளியே வராத புடவை. யார் பார்க்கப் போறாங்க?' முந்தானையில் இரண்டடி லேஸைக் கத்தரித்து, நேர் ஓரங்களில் ஒட்டினார்.

மறுநாள் மேடை ஓரத்தில் தோலை ஷர்மிளாவிடம் நீட்டியபடியே அவர் நிமிர்ந்தார். எதிரே கிறிஸ்டினா வந்துகொண்டிருந்தாள். அதே புடவையில்! முந்தானை நூல் நூலாகத் தொங்கியது.

"நீ... நீ இங்க இன்னா பண்ற?"

"டீச்சர்தான் மேடைக்கு வரச் சொன்னாங்க. அவசரமா கட்டிக்கினு வந்தேன், வழியிலதான் பாத்தேன். இன்னாங்க இது?"

"எ... எலி."

"எலி கத்திரிக்கோல் வெச்சிருந்துதா?"

பள்ளிக்கூடமே பார்த்தது. பூமி பிளந்தால் இறங்கிவிட அவர் தயார். சிமென்ட் தரை பிளக்கவில்லை.

ஷர்மிளா தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பசையில் பிரஷ்ஷைத் தோய்த்து, தோலைக் கூம்பாகச் சுருட்டிக்கொண்டே கேட்டார்:

"இது உங்க வீட்டம்மா கையால உங்களுக்குப் போடப்போற குல்லா சார், நேர் ஓரம் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமே, அங்க எதுக்கு லேஸ்?"