நூறு கேசட்டும் ஒரு கட்டைவிரலும்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கோவை கிராஸ்கட் ரோட்டில் சபுராவின் கடையில் அந்தப் புதுக் கேசட் நூறு இருந்தது. பத்தே முக்காலுக்கு ஒன்றுகூட இல்லை. நூறையும் அள்ளிக்கொண்டு போனவர் சுந்தரராஜுலு. கேசட்டில் பாடியிருந்தது அவர் மனைவி வரலட்சுமி.

மனைவி மேல் அவ்வளவு பிரியமா என்றால், பிரியம்தான். அதனால்தான் அந்தக் கேசட் ஊரில் ஒருவர் கையிலும் சிக்கக் கூடாது என்று வாங்கினார்.

பாட்டில் அவருக்குத் தகராறு இல்லை. புரிந்தால்தானே தகராறு. வரலட்சுமியின் குரல், தாவரவியல் வாத்தியார் பாலகோபாலின் கிட்டார், அவ்வளவுதான் குழு. நம்மூர் ஏற்றப்பாட்டில் ஆரம்பிப்பார்கள். ஜாஸ் என்று நடுவில் வழி தவறுவார்கள். அமெரிக்கப் பருத்திக்காட்டில் கறுப்பின மக்கள் பாடிய ப்ளூஸுக்குள் நுழைந்து, சோல் என்று கண்ணை மூடி உருகி, மறுபடி நம்மூர்க் கிணற்றுக்கே வந்து சேர்வார்கள். கம்பெனி எதுவும் கிடையாது, கைக்காசில் பதிந்தது. கரண்டில் ஓடும் வாத்தியமும் கிடையாது. மோட்டார் பம்பு விற்கும் சுந்தரராஜுலு கரண்ட் இல்லாமல் ஓடும் எதையும் நம்பியதில்லை.

தகராறு அட்டைப்படத்தில். ஒரே பெஞ்சில் வரலட்சுமியும் பாலகோபாலும் உட்கார்ந்து சிரித்தார்கள்.

"ஏனம்மணி, இதென்ன கல்யாண போட்டோவா?"

"நடுவுல கிட்டார் இருக்குதுங்களே."

"அது அவன் மடியில இருக்குது."

"பின்ன, உங்க மடியிலயா வெப்பாங்க?"

"அந்த முடியப் பாரு, சுருட்டை சுருட்டையா. செடிகொடி சொல்லித் தர்றவனுக்கு எதுக்கு அத்தன முடி?"

"இருக்கறவங்க வெச்சுக்கறாங்க" என்றாள் வரலட்சுமி, அவர் தலையைப் பார்க்காமல்.

பாடாதே என்று சொல்லவும் வழியில்லை. வெளியீட்டு விழாவில் சொந்தபந்தம் முன்னால் மைக்கைப் பிடித்து, "என்ற சம்சாரம் பாடறதுக்கு நான் என்னிக்கும் குறுக்க நிக்க மாட்டனுங்க" என்று முழங்கிக் கைதட்டலும் வாங்கியிருந்தார். ஆகவே தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு சபுரா கடைக்குப் போனார்.

"ஏனுங்ணா, நூறுமேவா?" என்றாள் சபுரா.

"பொள்ளாச்சியில ஒரு கல்யாணம். தாம்பூலப் பையில போடறதுக்கு."

"மூஞ்செல்லாம் துண்டு. சளிங்களா?"

"சளிதான்."

வீட்டுக்குப் பின்னாலிருந்த குடோனில், காலி மோட்டார்ப் பெட்டி ஒன்றில் நூறையும் கொட்டி மூடினார். குடோன் சாவி எப்போதும் அவர் இடுப்பில். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் சாம்பிராணி போட வரலட்சுமியிடம் போகும். ஒரு வாரம் புகை காட்டாவிட்டால் மோட்டார் விற்காது என்பது அவர் குடும்பத்து நம்பிக்கை.

சனிக்கிழமை வரலட்சுமி ஓடி வந்தாள்.

"ஏனுங்க, நூறும் வித்துப்போச்சாமுங்க! சபுரா கடையில மறுபடி நூறு வெச்சாச்சு."

சுந்தரராஜுலுவுக்குக் காப்பி கசந்தது. அடுத்த வியாழன், பெருந்துறைக் காதுகுத்து என்று சொல்லி நூறு. அதற்கடுத்த வியாழன், வால்பாறை எஸ்டேட்காரர்களுக்குப் பரிசு என்று நூறு.

"வாரம் மூணாச்சு, சளி கொறையவே இல்லீங்களாண்ணா?" என்றாள் சபுரா.

ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பெட்டி. மூடிய பெட்டியை அவர் திறந்து பார்த்ததில்லை. திறந்தால் பாலகோபாலின் முடி தெரியும்.

நான்காவது வியாழன் கொட்டும்போதுதான் கண்ணில் பட்டது. ஓர் அட்டையில், வரலட்சுமியின் கன்னத்தின் மேல், கறுப்புக் கிரீஸில் ஒரு கட்டைவிரல் ரேகை.

அவருக்குக் காது சுட்டது. எவனோ தடவிப் பார்த்திருக்கிறான்! கிரீஸ் என்றால் மோட்டார்க்காரன். மோட்டார்க்காரன் என்றால் எதிர்க்கடை வேங்கடசாமிதான். நேரே போய், "வேங்கடசாமி, கையக் காட்டு" என்றார்.

"ஜோசியம் எப்பங்க கத்துக்கிட்டீங்க?" என்று வேங்கடசாமி கையை நீட்டினார். வழுவழுவென்று சுத்தமான விரல். அட்டையில் இருந்த ரேகையின் குறுக்கே ஒரு வெட்டு ஓடியது. ஃபேன் பெல்ட்டில் சிக்கி அப்படி வெட்டுப்பட்ட கட்டைவிரல் அந்த வீதியில் ஒன்றே ஒன்றுதான். சுந்தரராஜுலு மெதுவாகத் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

இன்று வாங்கிய கேசட்டில் தன் பழைய ரேகை எப்படி? குடோனுக்கு ஓடிப்போய்ப் பழைய பெட்டிகளைத் திறந்தார். மூன்றும் காலி.

"வரலட்சுமி! குடோன்ல திருட்டுப் போயிருக்குது!"

"அய்யய்யோ! என்னங்க போச்சு?"

பெட்டியை மூடினார். "ஒண்ணுமில்ல."

"கேசட்டுங்களா?"

சுந்தரராஜுலு உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழம தவறாம குடோனுக்குப் பொக போடோணும்னு சொன்னது ஆருங்க?"

"நாந்தான்."

"போட்டனுங்க. மொத வாரமே, பெட்டிக்குள்ளயும் பொக போகட்டும்னு தொறந்தேன். உள்ள நானும் பாலகோபாலும் நூறு தரம் சிரிச்சுட்டிருந்தோம். வாராவாரம் எடுத்துட்டுப் போயி சபுராகிட்டக் குடுத்துப்போட்டேன்."

"அப்ப ஒரே நூறையா நான் நாலு தரம்..."

"ஊருக்கு ஒண்ணுகூடப் போய்ச் சேரலீங்க. நாலு மாசம் பாடிப் பழகுனது, மோட்டார்ப் பெட்டியில கெடந்துச்சு." அவள் குரல் ஒரு கணம் தாழ்ந்தது. உடனே நிமிர்ந்தது. "ஆனா குறுக்க நிக்க மாட்டேன்னீங்க. நிக்கலீங்க, வாங்குனீங்க. அந்தக் காசுல அடுத்த கேசட்டே பதிஞ்சாச்சு."

அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"அட்டையில... மறுபடி ஒரே பெஞ்சா?"

"இல்லீங்க. எங்க ரெண்டு பேர் படமுமே இல்லீங்க."

நான்கு வாரத்தில் முதல் முறையாக சுந்தரராஜுலு சிரித்தார். போனது போகட்டும், அந்தச் சுருட்டைமுடியை ஊர்க் கண்ணிலிருந்து மறைத்தாயிற்று. காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். இனித்தது.

1995 செப்டம்பர் 7, வியாழக்கிழமை, இரண்டாவது கேசட் கடைக்கு வந்தது. அட்டையில், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தோளில் கேசட் மூட்டையுடன் சபுரா கடைப் படியிறங்கும் சுந்தரராஜுலு. இந்த முறை ஆயிரம் போட்டிருந்தார்கள்.