எதிரே வரும் காருக்கு எது இடது?

சலாத்திகா,
சனிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பின்.

பெருமதிப்பிற்குரிய மூத்த சகோதரி சுமர்சி அவர்களின் சமூகத்திற்கு, இளையவன் பர்தோயோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் நானும் ருமினாவும் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. உங்கள் இடுப்பும் இரத்த அழுத்தமும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன்.

நாளை நீங்கள் வைத்திருக்கும் புது வீட்டுக் கூரை விருந்துக்கு என்னால் வர இயலாது. இந்தக் கடிதம் விருந்து முடிந்த பிறகுதான் உங்கள் கையில் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். அதற்காகவே தபாலில் அனுப்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீங்கள் பதில் பேசுவீர்கள்.

காரணம் இதுதான்: நாளை நான் ஒரு கார்ப் பந்தயத்தில் கலந்துகொள்கிறேன். பதறி எழ வேண்டாம், இடுப்பு. கார் முழங்கை நீளம்தான் இருக்கும். நான் அதற்குள் உட்காரப் போவதில்லை. ஒரு மேடையில் நின்று ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அறுபத்திரண்டு வயதில் இது தேவையா என்று நீங்கள் கேட்பது இங்கே வரை கேட்கிறது. தேவைதான் அக்கா. மானப் பிரச்சினை.

போன மாதம் எங்கள் ஓய்வுபெற்ற ஓட்டுநர் சங்கத்தில், சுவரில் என் புகைப்படத்தை மாட்டுவது என்று முடிவு செய்தார்கள். நீங்கள் உங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்களே, பத்தொன்பது வருஷத்துக்கு முன் தெமாக் வெள்ளத்தில் நான் பஸ்ஸை மீட்டுக் கொண்டுவந்த கதை, அதற்காகத்தான். படத்துக்குக் கீழே “நாற்பத்திரண்டு பயணிகளைத் தனியாளாகக் கரைசேர்த்த ஓட்டுநர்” என்று அழகாக எழுதியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் பஸ்ஸில் கிளீனராக இருந்த கஸ்வாடி, இப்போது பொரித்த தோஃபுக் கடை வைத்திருப்பவன், கூட்டத்துக்குத் தட்டோடு வந்தான். படத்தைப் பார்த்தான். எழுத்துக் கூட்டி வாசித்தான். தட்டைக் கீழே வைத்தான்.

“தனியாளாவா அண்ணே? அப்போ பஸ்ஸுக்கு முன்னாடி இடுப்புத் தண்ணியில நடந்து வழி காட்டினது யாரு? உங்க நிழலா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஆமாம்டா, நீயும்தான் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு தோஃபு சாப்பிட்டுக் கலைந்திருப்போம். ஆனால் முப்பத்தோரு வருஷம் பெரிய வண்டி ஓட்டியவன் வாய் அவ்வளவு சீக்கிரம் பிரேக் பிடிக்குமா?

“நடக்கறதும் ஓட்டறதும் ஒண்ணாடா? ஸ்டியரிங் யார் கையில இருந்துச்சு?” என்றேன்.

“ஸ்டியரிங்தானே? குடுங்க, நானும் பிடிச்சுக் காட்டறேன்!” என்றான் அவன்.

எங்கள் இருவருக்கும் இந்த வயதில் பஸ் யார் தருவார்கள்? சங்கச் செயலாளர்தான் ஒரு வழி சொன்னார். பழைய நெல் கிடங்கின் முற்றத்தில் மெலானி என்ற பெண்மணி ரிமோட் கார்த் தடம் அமைத்து மாதாமாதம் பந்தயம் நடத்துகிறார், புதியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, அங்கே இரண்டு பேரும் ஓட்டுங்கள், யார் அதிகச் சுற்று ஓட்டுகிறாரோ அவர் சொல்கிறபடி அந்தத் “தனியாளாக” இருக்கும் அல்லது போகும் என்றார். கைதட்டிவிட்டார்கள். அப்படித்தான் ஒரு சொல்லுக்காக நான் பந்தயக்காரன் ஆனேன்.

பல் மருத்துவர் ஒருவரிடம் ஆரஞ்சு நிறக் கார் ஒன்றைப் பழசாக வாங்கினேன். கொடுக்கும்போதே, “பேட்டரியை ஒழுங்கா சார்ஜ் பண்ணலேன்னா தீப்பிடிக்கும், தகர டப்பாவுல வெச்சு சார்ஜ் பண்ணுங்க” என்று பல் பிடுங்கும் குரலில் எச்சரித்தார். வீட்டில் இருந்த ஒரே நல்ல தகர டப்பாவில் ருமினா பெண்கள் சீட்டுக் கூட்டத்துக்காக வேர்க்கடலை ரெம்பெயேக் தட்டைகளைப் பொரித்து அடுக்கி வைத்திருந்தாள். அதைத் துணியில் கொட்டிவிட்டு, டப்பாவில் பேட்டரியை வைத்து, சார்ஜரைச் செருகினேன், அந்த நொடியில் அவள் சோற்றுக் குக்கரைப் போட்டாள், தண்ணீர் மோட்டாரும் தானாகக் கிளம்பியது, நம் வீட்டு மின்சாரம் எவ்வளவு தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியுமே, பட்டென்று எல்லாம் அணைந்தது. ரெம்பெயேக் துணியில் நமத்துக் கிடந்தது. ருமினா கரண்டியோடு வந்து நின்றாள்.

“சோறா, காரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு. அன்று சோறு கிடைக்கவில்லை. மறுநாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருக்காவல் சாவடிக்குப் போய் அங்கே செருகினேன். பகல் நேரம்தானே, யாருக்கு இடைஞ்சல் என்று நினைத்தேன். உள்ளே தெருவே உட்கார்ந்து டிவியில் பூப்பந்து இறுதி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிப் புள்ளிக்குப் பந்து மேலே போயிருந்தது. அது கீழே இறங்கியதை இன்றுவரை அந்தச் சாவடியில் எவரும் பார்க்கவில்லை. இப்போது தெருவில் என் சலாமுக்கு இமாம் ஒருவர்தான் பதில் சொல்கிறார், அவருக்கு அது கடமை.

சார்ஜ் ஏறியதும் ஓட்டினேன். அக்கா, நம்புங்கள், கார் என்னை விட்டுப் போகும்போது நானே அசந்துபோகும்படி ஓட்டினேன். திரும்பி என்னை நோக்கி வரும்போதுதான் வினை. எதிரே வரும் காருக்கு அதன் இடது என் வலது! நான் இடது பக்கம் திருப்பினால் அது என் வலது பக்கம் ஓடுகிறது. பதறி இன்னும் இடது பக்கம் திருப்புவேன், அது இன்னும் வேகமாய் அந்தப் பக்கமே பாயும். முதல் நாள் கோழிக்கூண்டு. இரண்டாம் நாள் நீங்கள் கொடுத்த காகிதப்பூச் செடி, மன்னிக்கவும், வேர் பிழைத்திருக்கிறது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுத் துகிமினின் கெளுத்திக் குளம். அவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிக் காரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, “மீனுக்குப் பசிச்சா நாங்க தீனிதான் போடுவோம், பர்தோயோ” என்றார். ஈரம் இழுக்கட்டும் என்று காரை அரிசி மூட்டைக்குள் புதைத்தேன். ஈரம் போனது. அரிசிக்குக் கெளுத்தி வாசம் வந்தது. சோறா காரா என்ற கேள்வியை அதற்குப் பிறகு ருமினா கேட்கவில்லை, நேராகத் தீர்ப்புதான்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. பஸ்ஸில் பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில்தானே பார்ப்போம்? குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி வந்து கண் உயரத்தில் வேலியில் கட்டினேன். காருக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணாடியில் பார்த்து ஓட்டினேன். என்ன அற்புதம்! என்னை நோக்கி வரும்போது இடது இடதாகவே இருந்தது. ஆனால் இப்போது என்னை விட்டுப் போகும்போது தலைகீழாகிவிட்டது. ஆகவே போகும்போது நேராகத் திரும்பி, வரும்போது முதுகைக் காட்டி, மறுபடி திரும்பி, இப்படி நடு முற்றத்தில் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால் யாரோ விக்குவது போல ஒரு சத்தம். பார்த்தால் கஸ்வாடி. சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் சாக்கடைத் திண்டில் உட்கார்ந்துவிட்டான்.

“வேவு பாக்க வந்தியா?” என்றேன்.

“தோஃபு குடுக்க வந்தேன் அண்ணே. அண்ணி சொல்லியனுப்பினாங்க, வீட்டுல சோறு நாறுதாமே.” கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். “நீங்க பஸ்ஸுக்குள்ள உக்காந்து பழகினவரு. முப்பது வருஷமா பஸ்ஸுக்கு எதுக்க நின்னு, அதோட மூஞ்சியப் பாத்து இடது வலது சொன்னவன் நான். இது என் வேலை. ஓட்டுங்க, நான் சொல்றேன்.”

முற்றத்தின் கோடியில் போய் நின்றான். பழைய குரல், அப்படியே. “இடது... இடது... போதும்! நேரா விடு, நேரா... இப்ப வலது!” நான் காரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் குரலைக் கேட்டேன். கை தானாகத் திரும்பியது. ஒரே மாலையில் இருபது சுற்று, ஒரு கோழிகூடச் சாகவில்லை. நாலு நாள் தொடர்ந்து வந்து சொல்லிக் கொடுத்தான். நேற்று தடத்தில் ஓட்டிப் பார்த்தபோது மெலானி அம்மாகூட, “பரவால்லியே ஐயா, ஹார்ன் மட்டும் தேடாதீங்க, இதுல கிடையாது” என்றார்.

அவன் போன பிறகு ருமினா கேட்டாள்: “போட்டி போடற ஆளே வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போறாரே, இதுல அவருக்கு என்னங்க லாபம்?” நான் பேட்டரியைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

எது எப்படியோ, நாளை நான் வெல்வது உறுதி. அந்தச் சொல் என்னுடையது. தெமாக்கில் ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது, அதில் ஒரு எழுத்தையும் மாற்ற நான் சம்மதிக்க மாட்டேன். நீங்களும் உங்கள் தெருவில் கூசாமல் தொடர்ந்து சொல்லலாம்.

புதுக் கூரை ஒழுகாதிருக்கவும், அதன் கீழ் மருமகள்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவும் இறைஞ்சும், என்றும் உங்கள் கோபத்துக்குப் பயந்த தம்பி,
பர்தோயோ.

பி.கு: ஞாயிறு மாலை. உறையை ஒட்டும் முன் எழுதுகிறேன். மேலே உள்ள எதையும் நம்ப வேண்டாம்.

பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குழு ஓட்டும்போது அடுத்த குழுவினர் தடத்தைச் சுற்றி நின்று, கவிழும் கார்களை நிமிர்த்திவிட வேண்டும். எனக்கு முதல் குழு, கஸ்வாடிக்கு இரண்டாவது. என் கார் நாலு முறை கவிழ்ந்தது. நாலு முறையும் அவன்தான் ஓடி வந்து, சரியான திசையில் வைத்து, “இடது அண்ணே, இடது!” என்று கத்தினான். கடைசியாக வந்தாலும் பதினோரு சுற்று முடித்தேன். பிறகு அவன் ஓட்ட, நான் மூலையில் நின்றேன். என்னமாய் ஓட்டினான்! நேரம் முடிய இன்னும் ஒரு நிமிடம்தான், பத்துச் சுற்று முடித்துவிட்டான், என் முன்னாலேயே வந்து கவிழ்ந்தான். முழங்காலை மறந்து ஓடினேன். எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் பெருமையோடு கையை உயர்த்தினேன். கார் விருட்டென்று கிளம்பி, எதிரே வந்த ஏழு கார்களை நோக்கிப் பாய்ந்தது.

“ஐயா! அது ஒருவழிப் பாதை!” என்று மெலானி அம்மா ஒலிபெருக்கியில் அலறினார். சக்கரம் ஒன்று தனியே உருண்டு தோஃபுத் தட்டில் வந்து விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, வேண்டுமென்று செய்யவில்லை. எதிர்த்திசை எது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

பதினொன்றுக்குப் பத்து. “தனியாளாக” இருக்கும் என்று செயலாளர் அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கஸ்வாடியும் தட்டினான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒலிபெருக்கியை வாங்கிச் சொல்லிவிட்டேன்: அன்று எனக்குச் சாலையும் தெரியவில்லை, வயலும் தெரியவில்லை, பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கூரை மேல் ஏறலாம் என்றுதான் இருந்தேன், வாங்கண்ணே என்று முன்னால் நடந்த ஒரு சிவப்புச் சட்டையைப் பார்த்து ஓட்டினேன், வேறொன்றும் செய்யவில்லை, அந்தச் சட்டை இவனுடையது. பந்தயம் பார்க்க வந்திருந்த ருமினா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

கஸ்வாடி மெல்ல வந்து ஒலிபெருக்கியை வாங்கினான். எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“அண்ணனே உண்மையச் சொல்லிட்டாரு. இதுக்கு மேல நான் மறைச்சா நல்லாருக்காது. எனக்கு மட்டும் ரோடு எங்க தெரிஞ்சுது? முன்னாடி ஒரு எருமை போச்சு. அது பாட்டுக்கு வீட்டுக்குப் போயிட்டிருந்துச்சு. நான் அதோட வாலைப் பாத்து நடந்தேன்.”

செயலாளர் என் படத்தை இறக்கி வைத்திருக்கிறார். அந்த எருமையின் படம் எங்கேயாவது கிடைக்குமா என்று விசாரிக்கிறார்.

நானும் கஸ்வாடியும் நாளைக் காலை முதல் பஸ்ஸில் உங்களிடம் வருகிறோம். விருந்தில் மீந்தது ஏதாவது இருந்தால் எடுத்து வைக்கவும், நாற்றமில்லாத சோறு சாப்பிட்டு நாளாகிறது. இந்தக் கடிதம் வந்து சேரும்போது நான் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். தயவுசெய்து என் முன்னால் பிரிக்க வேண்டாம்.