தாடையைத் தேய்த்ததில் முடிந்த நிச்சயதார்த்தம்

பிஷ்கெக்கில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் தாலாய்க்கு, நாரினிலிருந்து சபார் பெரியப்பா மலையளவு ஆசியோடு எழுதுவது. இங்கு நான், உன் பெரியம்மா, முப்பது ஆடுகள் எல்லோரும் நலம். ஒரு ஆட்டுக்கு மட்டும் என்னைப் பிடிக்கவில்லை.

உனக்குப் பெண் கேட்கப் போய் வந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்ற பேச்சு வந்தால் இடிபோல முழங்கி மறுத்துவிடு அண்ணே என்று உன் அப்பன் சொல்லி அனுப்பியிருந்தான். முழக்கத்துக்கு இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் யார்? ஆனால் விரிப்பில் உட்கார்ந்ததும் பெண்ணின் மாமன் குருத் என்ற காய்ந்த தயிர் உருண்டைத் தட்டை நீட்டி, "உங்க வம்சத்துல இன்னும் பல்லு மிச்சம் இருக்கா?" என்று சீண்டினான். விடுவேனா? கல்லாய் இறுகிய அந்த உருண்டைகளில் நாற்பதைக் கடித்து நொறுக்கினேன், எண்ணியவனுக்கே மயக்கம் வந்துவிட்டது. நாற்பத்தொன்றில் கன்னம் இரண்டும் விறைத்து, தாடை பூட்டிக்கொண்டது. தேநீர் ஊற்ற வந்த பெண் நூர்சாத், ஆஸ்பத்திரி நர்ஸ் அல்லவா, காதோடு சொன்னாள்: "மாமா, பல்லைக் கடிச்சா கன்னத்துல புடைக்குதுல்ல, அங்க ரெண்டு கையாலயும் வட்டமாத் தேயுங்க. அப்புறம் தாடை வரைக்கும் மெதுவா வழிச்சு விடுங்க. ஆனா அப்பா பேசி முடிக்கட்டும், அதுதான் மரியாதை."

அவள் அப்பா ஒஸ்மோனாலி தொண்டையைச் செருமினார். "சம்பந்தி, எங்களுக்கு ஒரே பொண்ணு. பையன் இங்கயே வந்து இருக்கட்டும், குதிரையெல்லாம் அவனே பாத்துக்கட்டும். என்ன சொல்றீங்க?"

முழங்கினேன். "ம்ம்ம்" என்றுதான் வந்தது. அவசரமாக வட்டமாகத் தேய்த்து, இரண்டு உள்ளங்கையாலும் கன்னத்தை மெதுவாகத் தாடைவரை வழித்தேன். அங்கே மூத்தவன் நான்! மூத்தவன் முகத்தை வழித்தால் ஆசி இறங்கியது, பேச்சு முடிந்தது என்று உனக்குத் தெரியாதா? விரிப்பைச் சுற்றியிருந்த இருபது பேரும் முகத்தை வழித்து "ஓமின், அப்படியே ஆகட்டும்!" என்றார்கள். அப்போதுதான் தாடை டக்கென்று திறந்தது. மறுப்பதற்காக வாயை அகலத் திறந்தேன், ஒஸ்மோனாலி நிச்சயத்துக்கு ஊட்டும் ஆட்டு வால்கொழுப்பையும் ஈரலையும் ஒரே கவளமாகத் திணித்துவிட்டார். சிங்கம்போலப் போராடினேன், ஆனால் கொழுப்பு மிக மென்மையாக இருந்தது, விழுங்கிவிட்டேன்.

மன்னித்துவிடு மகனே. அப்பனிடம் நீயே பக்குவமாகச் சொல். உனக்கும் தாடை வலித்தால் இப்படியே தேய், ஆனால் ஆளில்லாத இடத்தில். உன் குதிரைகள் பெருகட்டும், உன் பற்கள் நிலைக்கட்டும்.

அன்புடன்,
சபார் பெரியப்பா

பி.கு.: கிளம்பும்போது நூர்சாத் என் தொப்பியை எடுத்துக் கொடுத்து, "ரொம்ப நன்றி மாமா. குருத்தைக் கண்டா விடமாட்டீங்க, தாடை பிடிச்சுக்கும்னு தாலாய் சொன்னது அப்படியே நடந்துச்சு. சவாரி பூட்ஸ் வாங்கிட்டாரான்னு கேளுங்க" என்றாள். என்ன பூட்ஸ்டா?