எல்லா நிறுத்தங்களுக்கும் பொதுவானவர்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. அலமாரியில் ஒரு தட்டு ஆடுகிறது, சரிசெய்யுங்கள் என்றால், உலகத்தில் எந்த அலமாரியில் எந்தத் தட்டு ஆடினாலும் நிற்கிற மாதிரி ஏதாவது செய்த பிறகுதான் ஓய்வார்கள். அதுவரை உங்கள் தட்டு ஆடிக்கொண்டே இருக்கும். பொதுமைப் பித்தர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒருவர், பள்ளிப் பேருந்துகளுக்கு நிரல் எழுதும் அலுவலகத்தில் இருக்கிறார். அவரிடம் கேட்டது இவ்வளவுதான்: லீவு போட்ட பிள்ளைகளின் நிறுத்தங்களைத் தாண்டிவிட்டு, மற்றவற்றை வரிசையாக ஓட்டுநரின் திரையில் காட்ட வேண்டும். திங்கட்கிழமை வண்டி அதை நம்பித்தான் கிளம்பும். நாலு வரி வேலை. நாலு வரியில் முடிகிற வேலைக்கு நம்மவருக்குக் கை வருமா?

"அதுக்குன்னே லைப்ரரி இருக்கு, யாரோ ஏற்கெனவே எழுதி வெச்ச ரெடிமேட் நிரல். அடுத்ததுக்கு நகர்றது, அங்க இருக்கிறதைப் படிக்கிறது, முடிஞ்சுதான்னு பாக்குறது, இந்த மூணை நாம குடுத்தா போதும். மத்ததை அது பாத்துக்கும்" என்றார்.

"பஸ் ஸ்டாப்புக்குத்தானே சார்?" என்றார் பக்கத்து மேஜைப் பெண்.

"ஸ்டாப்புன்னு ஏன் சுருக்குறீங்க?"

போயிற்று ஒரு வாரம். அவருடைய இட்டரேட்டர், அதாவது பட்டியலில் ஒவ்வொன்றாக நடந்துபோகிற அந்தச் சின்ன ஏற்பாடு, முன்னே நடந்தது, பின்னே நடந்தது, வேண்டாததைத் தாண்டியது, காலிப் பட்டியலில் கௌரவமாக நின்றது, பத்து லட்சம் நிறுத்தங்களை மூச்சு வாங்காமல் கடந்தது. பத்து லட்சத்தில் ஒன்று குறைந்தால் யார் எண்ணப்போகிறார்கள்?

குறைந்தது. அந்த லைப்ரரியின் வழக்கப்படி, முடிவு என்பது கடைசி நிறுத்தத்துக்கும் அடுத்து, எதுவுமே இல்லாத இடம். நம்மவர் கடைசி நிறுத்தத்தையே முடிவென்று குறித்துவிட்டார். முடிவைத் தொட்டதும் நடை நின்றுவிடும். அங்கே இருப்பதைப் படிக்காது, திரையிலும் காட்டாது.

திங்கட்கிழமை, முதல் ஓட்டத்தைப் பார்க்கச் சீக்கிரமே அலுவலகம் வந்திருந்தவருக்கு மனைவியிடமிருந்து போன்.

"பஸ் வரவே இல்லைங்க. பாப்பாவுக்கு ஒன்பதுக்குப் பரீட்சை. ரோட்டுல நின்னு அழுறா."

"நம்ம ஸ்டாப் கடைசியா?"

"வருஷம் பூரா கடைசிதான். இது கூடத் தெரியாதா?"

அடித்துப் பிடித்து ஸ்கூட்டரில் போய், மகளை ஏற்றிக்கொண்டு, ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பள்ளி வாசலில் இறக்கினார். பாவம், மனுஷன் நிஜமாகவே கலங்கிப் போயிருந்தார்.

"நாளைக்கு பஸ் வருமாப்பா?"

வரும் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

"இனிமே எந்த பஸ்ஸும், எந்த ஊர்லயும், எந்த ஸ்டாப்பையும் விடாத மாதிரி பண்ணிடறேன்டா."

"எனக்கு நாளைக்கு வந்தா போதும்ப்பா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே ஓடினாள்.

சிரிக்கிறீர்கள். 'கம்ப்யூட்டர்காரர்களே இப்படித்தான்' என்று மனசுக்குள் சொல்லியும் விட்டீர்கள். நான் காட்டியது ஒரே ஒருவரை. அதற்குள் எல்லாரையும் சேர்த்துவிட்டீர்களே, உங்கள் வீட்டில் எந்தத் தட்டு ஆடிக்கொண்டிருக்கிறதோ?