சோஸ்யாவின் கையும் வாத்துக் கொழுப்பும்

பிரான்சில் மாட்டுப் பண்ணையில் இருக்கும் என் மகள் அனியேலாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருக்குத் தோத்திரம். அங்கிருந்தே ஆமென் சொல்லிவிட்டு மேலே படி. நானும் பசுவும் நலம். உன் மகள் சோஸ்யாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அழுகிறாள், அவ்வளவுதான்.

புல் அறுப்புக்குள் அவள் வந்துவிட்டால் உன்னோடேயே வேலை என்று முதலாளி சொன்னதாக எழுதியிருந்தாய். நானும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். இந்த அரசாங்கத்தை என்ன சொல்ல? இங்கே இருந்தால் வேலை கிடையாது, போகிறேன் என்றால் விடுவது கிடையாது. ஊர்த் தலைவரிடம் ஒரு சீட்டு, பாதிரியாரிடம் ஒரு சீட்டு, அம்மை குத்தியதற்கு ஒரு சீட்டு, அத்தனையும் கொண்டுபோனாலும், பண்ணைக்கு ஆள் எடுக்க வந்திருக்கும் பிரான்சுக்காரர்கள் ஆளைப் பார்த்து முத்திரை குத்தினால்தான் பாஸ்போர்ட்டாம். சரி, பெரிய மனுஷங்க பார்க்கப் போறாங்க, நம்ம வீட்டுப் பெண் சாணி வழிக்கிற கையோடு நிற்கலாமா என்று, எட்டு நாள் அவளை மாட்டுப் பக்கமே விடாமல், குதிகால் தேய்க்கிற கல்லால் உள்ளங்கைக் காய்ப்பையெல்லாம் தேய்த்தெடுத்து, வாத்துக் கொழுப்பு பூசி, கையில் காலுறை மாட்டித் தூங்கவைத்தேன். கை வெண்ணெயாகிவிட்டது.

ஆள் எடுக்கிற ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். மேசையில் முத்திரையோடு உட்கார்ந்திருந்தவன் அவள் முகத்தையே பார்க்கவில்லை. கையைத்தான் திருப்பிப் பார்த்தான்.

"ஒரு காய்ப்புகூட இல்ல. நீ எங்கம்மா பால் கறந்த? பட்டணத்துல தொப்பி தைக்கிறதெல்லாம் பண்ணையாள்னு சொல்லிக்கிட்டு வருது. அடுத்த ஆள்!"

"ஐயா, ஒரு மாட்டக் கொண்டாங்க, இங்கயே கறந்து காட்டுவா!" என்றேன்.

"ஆபீசுக்குள்ள மாடு வர்றதுக்குச் சீட்டு வச்சிருக்கியா, பாட்டி?"

வரிசையே சிரித்தது. சோஸ்யா வழியெல்லாம், "உன்ன யாரு தேய்க்கச் சொன்னா? அம்மாவப் பாத்து மூணு வருஷமாச்சு" என்று ஒரே அழுகை. வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான், அஞ்சாவது வரைக்கும். எனக்கே இது முன்னால் உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தக் குதிகால் கல்லைக் கிணற்றில் போட்டுவிட்டேன். அவள் வரமாட்டாள், முதலாளியிடம் சொல்லிவிடு. அந்த ஆபீஸ் வாசலை இனி மிதிக்கமாட்டேன்.

மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
விக்டோரியா

பின்குறிப்பு: தபால்தலை இல்லாமல் கடிதம் நாலு நாள் கிடந்தது. அதற்குள் பக்கத்து ஊரிலும் ஆள் எடுத்தார்கள். போனோம். அங்கேயும் ஒருவன் தலை நிமிராமல் "கை!" என்றான். சோஸ்யாவின் பின்னால் ஒட்டி நின்று, அவள் தோளில் போர்த்தியிருந்த சால்வைக்கு அடியிலிருந்து, அவள் கைக்குப் பதிலாக என் கையை நீட்டினேன். தடவிப் பார்த்து, "இதுதான்யா கை!" என்று குத்தினான் முத்திரையை. வியாழக்கிழமை ரயில். காய்ப்பு வரும்வரை முதலாளி முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல். மீதிக் கொழுப்பை அவள் பெட்டியில் வைத்திருக்கிறேன். பூச வேண்டாம். இரண்டு பேரும் ரொட்டியில் தடவிச் சாப்பிடுங்கள்.