தட்டான் உட்கார்ந்த கை

முதலில் வம்புக்கு வந்தது என் மச்சான் கோதண்டம்தான். இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சிதம்பரத்தில் அவன் பேத்திக்குக் காது குத்து. என் மகளின் சின்ன டிஜிட்டல் கேமராவில் நான் ஒரு படம் எடுத்தேன். படத்தில் குழந்தைக்கு நாலு காது.

பந்தியில் அத்தனை பேர் நடுவில் கோதண்டம் கத்தினான். "மாமாவுக்குக் கை ஆட ஆரம்பிச்சிடுச்சு! இனிமே காபி அரை டம்ளரே ஊத்துங்க. வேட்டியில கொட்டிக்கப் போறாரு!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு அரை டம்ளர்தான். கடலூரில் நாற்பது வருஷம் சைக்கிள் சக்கரத்தின் கோணலை நிமிர்த்திய கை இது!

நான் படித்தது அஞ்சாவது. அதுவரைக்கும் மறப்பது பற்றிப் பாடம் எதுவும் வரவில்லை.

எனவே ஒரு தட்டானைக் கிட்டத்தில் படம் எடுப்பது என்று முடிவு செய்தேன். றெக்கையில் நரம்பு தெரிய வேண்டும். ஆடுகிற கைக்கு அது விழாது. படத்தைக் கோதண்டம் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மகள் இரண்டே பொத்தான் சொல்லிக்கொடுத்தாள். "பூ போட்டத அமுக்குனா கிட்ட எடுக்கலாம். பெருச அமுக்குனா படம் வுழும். வேற எதையும் தொடாதப்பா. இன்னும் இருபது படத்துக்குத்தான் எடம் இருக்கு."

டவுன் பஸ் ஏறி, மேல்பட்டாம்பாக்கம் பக்கம் ஒரு குட்டைக்குப் போனேன். கோரைப்புல் நுனியில் சிவப்புத் தட்டான். முட்டி போட்டேன். பறந்தது. தவழ்ந்தேன். பறந்தது. சேற்றில் குப்புறப் படுத்தேன். உட்கார்ந்தது! மூச்சைப் பிடித்து விரலை வைத்தேன்.

"சார்! எங்க வூட்ட வுட்டுட்டீங்க!"

தட்டான் போயே போயிற்று.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஓர் அம்மா நின்றாள். பெயர் அஞ்சலை. குடிசைக்குப் பதிலாகக் காங்கிரீட் வீடு தருகிறோம் என்று, அரசாங்க ஆட்கள் ஊர் ஊராகக் குடிசைகளைப் படம் எடுத்துப் போன சமயம் அது. கேமராவோடு வந்தவன் அதிகாரி இல்லாமல் வேறு யாராம்?

"நான் ஆபீசர் இல்லம்மா. தட்டான எடுக்க வந்தேன்."

"தட்டானுக்கெல்லாம் கணக்கெடுக்குறீங்க, மனுஷங்க நாங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"சைக்கிள் கடைக்காரன்மா நான்!"

"பாத்தா அப்பிடித்தான் இருக்கு. இருந்தாலும் எடுங்க."

ஒன்று எடுத்தால் விட்டுவிடுவாள் என்று எடுத்தேன். அதுதான் தப்பு. தெருவே தலை சீவிக்கொண்டு வந்துவிட்டது. ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவர் சட்டை மாற்ற ஓடினார். அவர் திரும்பி வரும்வரை கேமராவைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன். பத்தொன்பது குடிசை. அஞ்சலை கண்ணை மூடிவிட்டாளாம், அவளுக்கு மட்டும் இரண்டு படம்.

திரையில் ஏதோ இங்கிலீஷில் வந்தது. அமுக்கினேன். படம் விழவில்லை. இடம் தீர்ந்துவிட்டது.

அப்போது வந்தது அந்தச் சிவப்புத் தட்டான். நேராக என் வலது கை விரலில் உட்கார்ந்தது. கோதண்டம் ஆடுகிறது என்று சொன்ன அதே கை! தட்டான் அசையவில்லை. நானும் அசையவில்லை. இடது கையால் கேமராவை அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பழைய படத்தை அழிக்கும் பொத்தான் எது? அதைத்தான் மகள் சொல்லித்தரவில்லையே!

"பாத்தல்ல அஞ்சல? கை ஆடலல்ல? சிதம்பரம் வந்து சாட்சி சொல்லுவியாம்மா?"

"வூடு வரட்டும் சார். எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை கோதண்டம் இருபது படத்தையும் பார்த்தான். கூரைக் கீற்றை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு.

"படம் சுத்தமாத்தான் இருக்கு மாமா. ஆனா குடிசை எங்க பறக்கப் போவுது? தட்டான் எங்க?"

"என் கையிலயே உக்காந்துச்சுடா!"

"ஆடுற குச்சியிலதான மாமா தட்டான் உக்காரும்!"

உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "மாமாவுக்குக் காபி!"

வந்தது. அரை டம்ளர்.

பிறகு நிஜ அதிகாரியே அந்தத் தெருவுக்கு வந்து படம் எடுத்துப் போனாராம். அஞ்சலை வீட்டில் காங்கிரீட்டே போட்டு முடித்துவிட்டார்கள். எனக்கு வர வேண்டிய மீதி அரை டம்ளர் காபிதான் இன்னும் வந்து சேரவில்லை.